தூரம் ஒரு காரணமாகுமா?

லண்டனிலிருந்து கொழும்புக்கு ஆகாயமார்க்கமாகச் சுமார் 8,700 கிலோமீற்றர். இடையில் தரிக்காத விமானமானால் ஏறக்குறைய 11 மணி நேரம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாக இன்னும் 400 கிலோமீற்றர். எங்கள் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு இது. கணக்கியலையே தொழிலாகக் கொண்ட எமக்கோ இக்கணக்கு ஒருபோதும் சரிவந்ததில்லை.

2007 ஜனவரியில் எமது தந்தையார் யாழ்ப்பாணத்தில் காலமானார். விமானத்துக்கு அன்றும் 11 மணி நேரந்தான். ஆனால் அகதிக்கு வழங்கப்படும் பயணப் பத்திரத்தில், விட்டு வந்த நாட்டுக்கு மட்டும் போக இயலாது. போயிருந்தாலும், ஏ-9 பாதை 2006 ஆகஸ்ட்டிலேயே மூடப்பட்டுவிட்டது. அங்கே காலை பத்து மணிக்குக் கிரியைகள் நடந்தன. இங்கே விடியற்காலை நான்கரைக்குத் தொலைபேசியைக் காதில் வைத்தபடி இருந்தோம்.

பின்னர் யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. பாதை திறந்தது. 2014 ஒக்ரோபரில் ரயிலும் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. எமக்கும் குடியுரிமை கிடைத்தது. ஆயினும் அம்மாவைக் கடைசியாகப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகளின் பரீட்சை, வீட்டுக்கடன், வேலையில் லீவின்மை ஆகிய எல்லாவற்றையும் ஒரே தலைப்பின்கீழ் எழுதிவிடுகிறோம்: "தூரம்". அம்மாவும் மறுப்பதில்லை. "ஓம் ராசா, தூரந்தானே" என்கிறார்.

கிழக்கு வங்க மக்கள் அகதிகளாகித் துயருற்ற 1971ஆம் ஆண்டில் பீற்றர் சிங்கர் என்ற தத்துவ அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். 1972இல் வெளியான அக்கட்டுரையில், துன்பப்படுபவர் அருகில் இருந்தாலென்ன, தொலைவில் இருந்தாலென்ன, எமது கடமை குறையாது என்று வாதிட்டார். அவர் பேசியது முன்பின் அறியாதவர்களைப் பற்றி. பெற்றவர்கள் விடயத்தில் நாம் வேறென்ன சொல்ல முடியும்?

தூரம் கடமையைக் குறைப்பதில்லை, இயலாமை குறைக்கும். 2007இல் எமக்கு இருந்தது இயலாமை. அதை நினைத்து அழலாம். குற்றமென்று கொள்ளத் தேவையில்லை. இன்று இருப்பது வேறு. அதற்கும் அதே பெயரைச் சூட்டுவது, பழைய துயரத்தைக் காட்டிப் புதிய கடனைத் தள்ளிப்போடுவதாகும்.

மாதந்தவறாமல் பணம் அனுப்புகிறோமே என்று கேட்கலாம். அனுப்பிய பணம் பணக் கணக்கில் ஏறும். போகாத நாட்களை அதில் கழித்துவிட முடியாது.

ஒன்றை மறக்கலாகாது. வழக்கு முடியாமல், பத்திரம் கிடைக்காமல் காத்திருப்போர் எம்மத்தியில் இன்றும் உண்டு. திரும்பிப் போக அஞ்சுவோரும் உண்டு. அவர்களைப் பார்த்து "ஏன் ஊருக்குப் போகவில்லை?" என்று கேட்பது தகாது. இக்கேள்வி, கடவுச்சீட்டு மேசை லாச்சியில் கிடக்கும் எம்போன்றோருக்கே.

பயணச்சீட்டு எடுத்துவிட்டோம் என்று எழுதி இதை முடிக்கவே ஆசை. இன்னும் எடுக்கவில்லை, விலை மட்டும் விசாரித்திருக்கிறோம். ஆனால் அடுத்த ஞாயிறு அம்மா "தூரந்தானே" என்றால், "இல்லை அம்மா, பதினொரு மணித்தியாலந்தான்" என்று உண்மையைச் சொல்வதாக உத்தேசம். சொன்ன பின் போகாமல் இருப்பது கடினம்.