சைக்கிளுக்கு டிக்கெட் உண்டா?

ஒரு பஸ் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கும்போது நாம் எதை வாங்குகிறோம்? நம் உடம்பை இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் உரிமையை என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் வெறும் உடம்போடு பஸ் ஏறுகிறவர்கள் ரொம்பக் குறைவு. அதிலும் மலைக்குப் போகிற பஸ்ஸில் அப்படி ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அத்திமூர் தாண்டினால் ரோடு ஏற ஆரம்பிக்கும். ஜவ்வாது மலையின் மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள். இந்தப் பாதையில் கீழே இறங்கும் பஸ்ஸில் சாமை மூட்டை வரும், புளி வரும், கடுக்காய் வரும், சீசனில் பலாப்பழம் வரும். ஏறும் பஸ்ஸில் பிளாஸ்டிக் குடம், பிவிசி பைப், கோழிக்குஞ்சுப் பெட்டி போகும். யாருடைய மூட்டை யாருடைய காலில் இடிக்கிறது என்ற சண்டை நடக்காத டிரிப் கிடையாது. அந்தச் சண்டையும் பஸ் போளூரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

இந்தப் பாதையில் இரண்டு வேறு நாட்களில், இரண்டு வேறு பஸ்களில் பார்த்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

முதல் நாள், சனிக்கிழமை. பெருநகரம் ஒன்றிலிருந்து வந்த இரண்டு பேர். ஹெல்மெட், இறுக்கமான ஜெர்ஸி, ஒல்லியான டயர் போட்ட சைக்கிள்கள். ஏற்றத்தை மிதித்தே ஏறுவதாகத் திட்டமாம். வெயிலில் நேரம் போய்விட்டது. கண்டக்டர் ஒரு நிமிஷம் யோசித்தார். "சார், முன் சக்கரத்தக் கழட்ட முடியுமா? கழட்டிட்டுக் கடைசி சீட்டாண்ட சாத்திக்குங்க. லக்கேஜ் போட்டுக்கறேன்." ஒரு லீவரைத் தட்டினார்கள், சக்கரம் கையோடு வந்துவிட்டது.

இரண்டாவது நாள், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய வாரம். பதினாறு வயசுப் பையன். கையில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். லீவில் கீழே மாமா வீட்டுக்கு அதிலேயே இறங்கி வந்திருக்கிறான். இறங்கும்போது அது அவனைக் கொண்டுவந்தது, ஏறும்போது அவன்தான் அதைக் கொண்டுபோக வேண்டும். "ணா, கடைசில நிக்க வெச்சுப் புடிச்சிக்கிறேண்ணா." "தம்பி, சைக்கிள்லாம் ஏத்தக்கூடாது. செக்கிங் வந்தா மெமோ எனக்குத்தான். மனுசனுக்கே எடமில்ல, பாத்தல்ல?" பஸ் போய்விட்டது. பையன் ஒன்றும் சொல்லவில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே போனான்.

இதை வைத்து இரண்டாவது கண்டக்டரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்கு உண்மையிலேயே கூட்டம் அதிகம். மெமோ வந்தால் அவருக்குத்தான் வரும், எனக்கோ உங்களுக்கோ வராது. முதல் கண்டக்டர் சட்டை பார்த்து முடிவெடுத்தார் என்றும் என்னால் நிரூபிக்க முடியாது. அவர் அந்தப் பையனையும் ஏற்றியிருக்கலாம். ஆனால் பிரச்சினையே இந்த நிரூபிக்க முடியாமைதான். கருணைக்குக் கணக்குப் புத்தகம் கிடையாது. யாருக்கு எவ்வளவு கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஒருவர் பேசும் விதம், போட்டிருக்கும் உடுப்பு, "சார்" என்று கூப்பிடத் தோன்றும் முகம் என எல்லாமே அதற்குள் சத்தமில்லாமல் வேலை செய்யலாம்.

அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே விதி போட்டுவிடலாமா? 'சைக்கிளுக்கு அனுமதி இல்லை.' முடிந்தது கதை.

இங்கே சட்டத் தத்துவத்தில் ஒரு பழைய உதாரணம் உதவும். ஹெச்.எல்.ஏ. ஹார்ட் என்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர் 1958இல் ஒரு கட்டுரையில் கேட்டார்: 'பூங்காவுக்குள் வாகனங்கள் கூடாது' என்று ஒரு விதி இருக்கிறது. கார் கூடாது என்பது தெளிவு. சைக்கிள்? ரோலர் ஸ்கேட்? குழந்தையின் பொம்மைக் கார்? சொல்லுக்கு நடுவே ஒரு தெளிவான பகுதியும் ஓரத்தில் ஒரு மங்கலான பகுதியும் இருக்கிறது என்பது அவர் வாதம். லான் ஃபுல்லர் என்ற அமெரிக்கர் அதே ஆண்டில் பதில் எழுதினார்: இரண்டாம் உலகப் போரில் ஓடிய லாரி ஒன்றை, இன்னும் ஓடக்கூடிய நிலையிலேயே, நினைவுச்சின்னமாகப் பூங்காவில் பீடம் கட்டி நிறுத்தினால் அது விதிமீறலா? விதி எதற்காக இருக்கிறது என்று கேட்காமல், அதிலுள்ள சொல்லை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றார் அவர்.

நம் பஸ்ஸுக்கு வருவோம். சர்க்கஸ்காரர் ஒருவர் ஒற்றைச் சக்கர சைக்கிளோடு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிதி இருக்கிறது, சீட் இருக்கிறது, ஆகவே அது சைக்கிள். ஆனால் ஒரு பலாப்பழ மூட்டையை விடச் சின்னது, காலுக்கிடையில் வைத்துக்கொள்ளலாம். எந்தக் கண்டக்டரும் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொள்வார். ஆக, பெயரைச் சொல்லித் தடுக்கும் விதி உண்மையில் கவலைப்படுவது இடத்தைப் பற்றி, பக்கத்தில் நிற்பவரின் முழங்காலைப் பற்றி, சேலையில் படும் கிரீஸைப் பற்றி. அப்படியானால் பெயரை விட்டுவிட்டு அளவை வைத்து விதி போடுவதுதானே முறை?

பல ஊர்கள் அப்படித்தான் செய்திருக்கின்றன. நெதர்லாந்து ரயிலில் மடித்த சைக்கிளுக்குக் காசில்லை. முழு சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு, நெரிசல் நேரத்தில் அனுமதி கிடையாது. பெங்களூர் மெட்ரோவில் மடக்கு சைக்கிளுக்கு அனுமதி கிடைத்தது. கொச்சி மெட்ரோ 2020 நவம்பரில் சில நிலையங்களில் தொடங்கி சைக்கிள்களையே உள்ளே விட்டது. பெங்களூர் மாநகரப் பேருந்துகள் சிலவற்றின் முன்புறத்தில் சைக்கிளை மாட்டும் தாங்கிகூட வந்தது. அமெரிக்க நகரங்களில் வெகுகாலமாக இருக்கிற ஏற்பாடு அது.

அளவு விதி பெயர் விதியை விட நியாயமானது, சந்தேகமில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது. மடங்குகிற சைக்கிள் யாரிடம் இருக்கும்? லீவரைத் தட்டினால் சக்கரம் கழன்று வருகிற சைக்கிள் யாரிடம் இருக்கும்? அந்தப் பையனுடைய சைக்கிளில் சக்கரம் கழற்ற ஸ்பேனர் வேண்டும், கேரியரும் மட்கார்டும் வேறு குறுக்கே நிற்கும். அதன் எடையும் அதிகம். அளவு என்பது பார்ப்பதற்கு யார் பக்கமும் சாயாத தராசு. ஆனால் சின்னதாக மடங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையைக் கொடுத்தவர்களுக்கே விதி கதவைத் திறந்துவிடுகிறது.

இதில் அரசாங்கத்தின் பங்கையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. பள்ளிக்கூடம் தூரம் என்பதால் படிப்பு நின்றுவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஜவ்வாது மலை மாதிரி இடத்துக்கு இந்த நோக்கம் அப்படியே பொருந்தும். குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன, எல்லா ஊருக்கும் பஸ் இல்லை. மேலே போய்விட்டால் மேடு பள்ளம் இருந்தாலும் மிதித்துப் போகலாம். அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் அந்தப் பகுதியில்தான் எந்தக் கியர் இல்லாத சைக்கிளும் தோற்றுப்போகும். சைக்கிளைக் கையில் கொடுத்து, படி என்று சொல்லிவிட்டு, அது எங்கே தோற்குமோ அங்கே அதற்கு இடம் வைக்கவில்லை என்றால் கொடுத்தது பாதிதான்.

அதனால் நான் கேட்க நினைக்கும் கேள்வி வேறு: இந்தப் பொருள் இல்லாமல் போனால் யாருடைய பயணம் பாழாகிறது?

அந்த இரண்டு நகரத்துக்காரர்கள் சைக்கிளை போளூரில் ஒரு கடையில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறினால், ஒரு சனிக்கிழமை கொஞ்சம் சுவை குறையும். வாடகை சைக்கிள் இருந்தால் அதுவும் குறையாது. நெதர்லாந்தில் ரயில் நிலையத்திலேயே வாடகை சைக்கிள் வைத்திருப்பதன் தர்க்கம் அதுதான்: உங்களுக்கு வேண்டியது ஒரு சைக்கிள், இதே சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. பையனுக்கு இதே சைக்கிள்தான் வேண்டும். அவனிடம் வேறு கிடையாது. அதைக் கீழே விட்டுவிட்டு அவன் மட்டும் ஏறினால், உடம்பு ஊர் போய்ச் சேரும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போவது எப்படி என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

நம் ஊரில் இந்தக் கேள்வி புதிதும் இல்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு மூதாட்டியை, நாற்றம் அடிக்கிறது என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட செய்தி நினைவிருக்கும். முதலமைச்சர் வரை கண்டனம் தெரிவித்தார், பணியாளர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். அன்று நமக்கெல்லாம் ஏன் அவ்வளவு கோபம் வந்தது? அந்த வாசனை அவருடைய தொழில், அதைக் கழற்றி வைத்துவிட்டு அவரால் பஸ் ஏற முடியாது என்று புரிந்ததால்தான். ஒருவரின் பிழைப்பை லக்கேஜாக மட்டும் பார்ப்பது, பொதுப் பேருந்தில் 'பொது' என்ற சொல்லையே கேலி செய்வதாகும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பஸ்ஸில் இடம் ரப்பர் இல்லை. ஒரு சைக்கிள் ஏறினால் மூன்று பேர் நிற்க முடியாது. கைக்குழந்தையோடு நிற்கிற பெண்ணுக்கு, "அந்தப் பையனின் படிப்புக்காக நீங்கள் அடுத்த பஸ்ஸில் வாருங்கள்" என்று சொல்ல யாருக்கு உரிமை? அடுத்த பஸ் எப்போது என்பது மலையில் சின்ன விஷயமும் இல்லை. தான் யாராக இருப்போம் என்று தெரியாமலேயே விதி எழுதுங்கள் என்று ஜான் ரால்ஸ் சொன்னதை இங்கே பஸ்ஸுக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் அந்தப் பையனாகவும் இருக்கலாம், அந்தத் தாயாகவும் இருக்கலாம், மெமோ வாங்கப்போகிற கண்டக்டராகவும் இருக்கலாம். எந்த விதியை எழுதுவீர்கள்?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். முதலில் மனிதர்கள், அதில் விவாதம் இல்லை. மிச்ச இடத்தில் படிப்புக்கும் பிழைப்புக்குமான பொருள். அதற்குப் பிறகு மற்றவை. மலைக்கு ஏறும் பஸ்களில் காலை ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப், இரண்டு சைக்கிளுக்குக் கடைசி சீட்டுப் பக்கம் இடமும் கட்டி வைக்கப் பட்டையும். முன்புறத் தாங்கி கொண்டை ஊசி வளைவில் தோதுப்படாது, வண்டியின் நீளம் கூடிவிடும். மேற்கூரையில் கேரியரும் பின்னால் ஏணியும் இருந்த பழைய பஸ்கள் இந்த விஷயத்தில் நம்மை விடப் புத்திசாலிகள். பள்ளிக்கூட அடையாள அட்டை இருந்தால் சைக்கிளுக்குக் காசில்லை, மற்றவர்களுக்கு லக்கேஜ் டிக்கெட். இவ்வளவையும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதிவைத்தால் போதும்.

அந்த நாலு வரி முக்கியமாகக் காப்பாற்றப்போவது கண்டக்டரை. இன்று அவர் ஏற்றினால் விதியை மீறுகிறார், ஏற்றாவிட்டால் இரக்கமில்லாதவர் ஆகிறார். ஒரு சம்பளக்காரரின் தலையில் தினமும் நாம் ஏற்றிவைக்கிற தர்மசங்கடம் அது. எழுதப்பட்ட விதி இருந்தால் பையன் "ணா, ணா" என்று கெஞ்ச வேண்டியதில்லை. போர்டைக் காட்டி, "ரெண்டு சைக்கிளுக்கு எடம் போட்டிருக்கே, ஒண்ணுதானே இருக்கு?" என்று கேட்கலாம். அப்போதும் இடம் இல்லாமல் போகலாம், அவன் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரலாம். ஆனால் தனக்கு ஏன் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.