அன்று பறவை, இன்று முகங்கள்

‘செசமி ஸ்ட்ரீட்’ பார்த்து வளர்ந்த அமெரிக்கர்கள் நடுவயதில் அதன் பழைய பகுதிகளைத் தேடிப் பார்க்கிறார்கள். 2006இல் முதல் ஆண்டுகளின் பகுதிகள் டிவிடியாக வந்தபோது, இவை பெரியவர்களுக்கானவை என்ற குறிப்போடுதான் வந்தன. குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்றுத்தர 1969இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்கு அப்படியொரு குறிப்பு!

ஒரு பகுதியை மட்டும் சொல்ல வேண்டும். தொடரின் கதை நடக்கும் தெருவின் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறொருவரை நடிக்க வைக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டார் என்று மழுப்பவும் இல்லை. குழந்தைகளிடம் உண்மையையே சொன்னார்கள். 1983 நவம்பர் 24 அன்று அந்தப் பகுதி ஒளிபரப்பானது. மஞ்சள் பறவையான பிக் பேர்ட் எல்லோரையும் படம் வரைந்து கொடுக்கிறது. ஹூப்பரின் படம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. அவர் வந்ததும் கொடுப்பேன் என்கிறது. இனி வரமாட்டார் என்பதை அதற்குப் புரியவைக்க வேண்டும்.

சிறு வயதில் கண் அந்தப் பறவையை விட்டு நகர்ந்திருக்காது. இப்போது பாருங்கள், சுற்றி நிற்கும் பெரியவர்களின் முகத்தில்தான் பார்வை நிற்கும். பல ஆண்டுகள் உடன் நடித்தவரை இழந்தவர்கள் அவர்கள். அந்தக் கண்ணீர் நடிப்பல்ல. பறவை உடைக்குள் இருந்த கரோல் ஸ்பின்னிதான் அந்தப் படங்களை உண்மையில் வரைந்தவர். மறைந்த நண்பரின் முகத்தையும் அவரே வரைந்தார்.

கடைசியில் அந்தப் படத்தைப் பறவை தன் கூட்டருகே மாட்டி வைக்கிறது.