வினையும் மருந்தும்

நோயுற்றோரைக் காணச் சென்று, ‘எல்லாம் வினைப்பயன்’ என்று கூறிவிட்டு எழுந்து வருவது நம்மவர் வழக்கம். சொல் பொய்யன்று, அசாதா வேதனீயத்தின் உதயத்தால் உடல் துன்புறுகிறது என்பது நம் கொள்கை. ஆயினும் அச்சொல்லைப் பிறர்மேல் ஏற்றிக் கூறும் உரிமை நமக்கு உண்டா என்னும் வினா நெடுநாளாக நம்மை வருத்துகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், பங்குனி வெயிலில், செங்கல்பட்டிலிருந்து மாணவியரை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் சென்றோம். உடன் வந்த இளம் ஆசிரியை, நம் சமூகத்தவர், அர்ச்சுனன் தபசுப் பாறையின் எதிரே கண் மங்குகிறது, கால் தள்ளாடுகிறது என்று தரையில் அமர்ந்துவிட்டார். ஒற்றைக் காலில் தவம் புரியும் சிற்பத்தைச் சுட்டி, “அவர் ஒரு காலில் நிற்கிறார், இரண்டு காலிலும் நிற்க முடியவில்லையா, டீச்சர்?” என்றோம். மாணவியர் சிரித்தனர். நிழலில் அரைமணி நேரம் இருந்தபின் அவர் பார்வை தெளிந்தது. ஆகவே நடிப்பு என்றே முடிவு செய்தோம்.

அவருக்கு இருந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனும் தண்டுவட மரப்பு நோய். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மையலின் உறையை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சிதைக்கிறது. மேலுறை கிழிந்த மின்கம்பியைப்போல் நரம்பு தன் செய்தியைச் சரிவரக் கடத்துவதில்லை. பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 1868-இல் இதனைத் தனி நோயாக விளக்கினார். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே மிகுதி, தொற்றாது. உடல் சூடேறினால் பழுதுற்ற நரம்பு மேலும் தளர்ந்து பார்வை மங்கும், குளிர்ந்தால் தெளியும். உடல் உழைப்பால் பார்வை இவ்வாறு மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தாஃப் 1890-இலேயே எழுதிவைத்தார். நாம் நடிப்பு என்று கண்டது அதுதான்.

‘வினையை நுகர்ந்தே கழிக்க வேண்டும்’ என்று உறவினர் விரதங்களை ஏற்கச் செய்தனர். மருத்துவரிடம் செல்வது தள்ளிப்போயிற்று. முற்றக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. எனினும் தாக்குதல் வரும்போது ஸ்டீராய்டு அதன் காலத்தைக் குறைக்கும். 1993-இல் அமெரிக்காவில் இன்டர்ஃபெரான் பீட்டா அனுமதி பெற்றது முதல், தாக்குதல்களையே குறைக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. விலைதான் மலைக்க வைக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துக் காலத்தே தொடங்கினால் பயன் மிகுதி. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் இந்நோய் இடம்பெற்றுள்ளது.

வினை பலனளிக்கப் பொருள், இடம், காலம், உள்ளநிலை என்பவை நிமித்தமாகும் என்பர் ஆசாரியர். வெயில் நிமித்தமெனில் நிழலும் நிமித்தமே, மருந்தும் அவ்வாறே. காஞ்சியோடு சேர்த்துப் போற்றப்படும் சமந்தபத்திரர் பஸ்மக நோயால் வருந்திச் சல்லேகனைக்கு அனுமதி வேண்டியபோது, குரு மறுத்து, நோயைத் தீர்த்து வருமாறு பணித்தார் என்பது நாம் கேட்டு வளர்ந்த வரலாறு. நுகர்ந்து கழி என்று அக்குரு கூறினாரில்லை.

அகத்தவம் ஆறனுள் ஒன்றாகிய வையாவிருத்தியம் துறவியர்க்குச் செய்யும் பணிவிடையைக் குறிக்கும். ஆயினும் இல்லறத்தார் நோயாளரைப் பேணவும் அதுவே வழி. அன்று ஒரு குடையும் ஒரு செம்பு தண்ணீரும் போதுமாயிருந்தன.

சென்ற க்ஷமாவணி நாளில் அவர் இல்லம் சென்று, அந்தப் பாறையின் எதிரே கூறியதற்கு மன்னிப்பு வேண்டினோம். சக்கர நாற்காலியில் இருந்தவாறே, “பிள்ளைகள் சிரித்தது நினைவிருக்கிறது, டீச்சர், நீங்கள் சொன்னது மறந்துவிட்டது” என்றார். அது மெய்தானோ, நம்பொருட்டுக் கூறியதோ, அறியோம்.