பொம்மை வாத்துகள்

அறங்களை வரிசைப்படுத்தும்போது வள்ளுவர் கொல்லாமையை முதலில் வைத்து, பொய்யாமையை அதற்குப் பின்னால் நிறுத்துகிறார். மினசோட்டாவில் ஒரு சின்னக் குளத்தங்கரையில், கோரை மறைவுக்குள் உட்கார்ந்திருந்தபோது அந்த வரிசை எனக்கு ஒப்பவில்லை. பொய்தான் பெரிய பாவமாகத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வாத்து வேட்டைக்குப் போகிறவர். நவம்பரில் கூப்பிட்டார். துப்பாக்கியைத் தொடமாட்டேன், பார்க்க மட்டும் வருகிறேன் என்று போனேன். விடியும்போது தூறல். கொஞ்ச நேரத்தில் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. தூறல் பொடிப்பொடி ஐஸாகி, பிறகு பனியாகவே கொட்டியது. கரையோரத் தண்ணீர் கண்ணாடித்தாள் விரித்த மாதிரி உறையத் தொடங்கியது.

"இனிமேல்தான் வரும்" என்றார்.

பெரிய ஏரிகளில் அலை எழும்பினால் வாத்துகள் காற்று படாத சிறு குளங்களைத் தேடும். ஆனால் முதலில் உறைவதும் இந்தக் குளங்கள்தான். உறைந்துவிட்டால் தெற்கே பறந்தாக வேண்டும். அதற்குள் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒதுங்க ஓர் இடம் அந்தப் பறவைக்கு மிகவும் தேவைப்படுகிற நாள்தான் வேட்டைக்கு நல்ல நாள்.

தண்ணீரில் அவர் மிதக்கவிட்டிருந்த பொம்மை வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பரப்பி, நடுவில் வெறும் தண்ணீர் விட்டிருந்தார். காற்றை எதிர்த்து வருகிற வாத்து அந்த இடைவெளியில்தான் இறங்குமாம். ஒன்றிரண்டு பொம்மைகள் தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலைத் தூக்கி மேய்கிற பாவனையில் இருந்தன. பயமில்லை, இரை இருக்கிறது, வா என்கிற சேதி. நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று நாம் சொல்வது இதைத்தானே? நம் முன்னோரும் இதற்கு விலக்கில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்ற வேட்டுவர் வீட்டு முற்றத்து விளாமரத்தில் பார்வை மான் கட்டிக் கிடக்கிறது. தன் இனத்தையே வலைக்கு அழைக்கப் பழக்கிய மான்.

அமெரிக்கச் சட்டத்துக்கும் இதில் ஏதோ உறுத்தியிருக்கிறது. உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்து அழைப்பதையும் தானியம் தூவி இழுப்பதையும் 1935இல் தடை செய்தார்கள். கொல்வது மிக எளிதாகிவிட்டது, வாத்துகளும் குறைந்துகொண்டே வந்தன என்பது காரணம். பொம்மைக்குத் தடை இல்லை. அடிபட்டு விழுந்ததைத் தேடி எடுக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது.

அன்று அப்படி எடுத்ததுதான் ஒரு பெட்டை வாத்து. இறங்கக் காலை நீட்டியபோது சுட்டார். இறக்கை ஒடிந்து விழுந்து, கோரைக்குள் நீந்தியது. நாய் போய்க் கவ்வி வந்தது. பெரியவர் கழுத்தைத் திருகினார். தலை தொங்கிய பிறகும் ஆரஞ்சு நிறக் கால்கள் இரண்டும், விரலிடைச் சவ்வு விரிய, இல்லாத தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தன.

பொம்மையைப் பற்றிய மனத்தாங்கல் எதுவும் அந்தப் பறவைக்கு இருந்திருக்க முடியாது. அதற்கு நேர்ந்தது வலியும் சாவும். வஞ்சனை என்று நான் கொதித்ததெல்லாம் வேட்டைக்காரரின் யோக்கியதையை எடைபோட்டதுதான். மனிதனுக்கு மனிதன் போடுகிற கணக்கு. வள்ளுவர் சாகிற உயிரின் பக்கம் நின்று வரிசை போட்டிருக்கிறார். பொம்மை இல்லாமல், எதிரே நின்று நேர்மையாகச் சுட்டிருந்தாலும் அந்தக் கால்கள் அப்படித்தான் துடித்திருக்கும்.

திரும்பும் வழியில் பெரியவரிடம் பொம்மைகளைப் பற்றிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீங்கள் கடையில் வாங்குகிற கோழிக்குத் தீனி போட்டது யார்?" என்று கேட்டார்.

நான் பல்லடத்துக்காரன். எங்கள் கோழிக் கொட்டகையில் குஞ்சு இறங்கிய நாளிலிருந்து தீனி போட்டவன். கைக்குத் தட்டு வந்தாலே குஞ்சுகள் ஓடிவரும். நாற்பது நாளில், அதே கதவு வழியாகக் கூண்டு வண்டி. வேட்டையில் ஆறு வாத்துக்கு மேல் கூடாது என்கிற மாதிரி எந்த வரம்பும் அங்கே கிடையாது.

அவர் கொடுத்த வாத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கடைக் கோழியையும் விட்டுவிட்டேன். என்னைப் படிக்கவைத்தது அந்தக் கொட்டகைப் பணம். அண்ணன் இன்னும் அதை நடத்திக்கொண்டிருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இதை அவரிடம் சொல்லியாக வேண்டும்.