தொண்டைமானின் கொட்டில்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்காநல்லூரில், ஒரு பழைய துப்பாக்கியின் பின்கட்டையில் யாரோ எப்போதோ கத்தியால் கீறி வைத்திருந்த பதினொரு வெட்டுகளை உப்புத்தாளால் தேய்த்து அழித்தேன். இரண்டு மணி நேர வேலை. செய்துகொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் கட்டுரை அந்தச் சந்தோஷத்தைப் பற்றியது.

வீடு என் நண்பருடையது. ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். மூடிப்போன ஒரு மில்லின் பின்சுவரை ஒட்டிய வீடு. முன்னறையில் ஒரு சிறிய லேத், ஒரு வைஸ், சுவரில் வரிசையாக அரங்கள். துப்பாக்கிப் பழுதுக்கு உரிமம் வைத்திருக்கிறார். நான் வங்கிக் குமாஸ்தா. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன். ஒரு சைக்கிள் பெல்லைக்கூடக் கழற்றி மாட்டத் தெரியாது. அவரிடம் நான் போவது பேச்சுக்காக. பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரித்துச் சீராக்குவது மேல்நாடுகளில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே அப்படி இல்லை. 'த்ரீ நாட் த்ரீ' ரைஃபிளின் விட்டம் சாதாரணக் குடிமகனுக்குத் தடை செய்யப்பட்டது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை 2019இல் திருத்தியபோது, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. ஆகவே நம்மிடையே இந்த ஆசைக்குக் கிடைப்பது அரண்மனைகளும், எழும்பூர் அருங்காட்சியகமும், நம்மூர் ஹாமில்டன் கிளப் கட்டிடத்தில் இருக்கிற போலீஸ் மியூசியமும், தோட்டத்து வீடுகளில் தலைமுறையாகக் கிடக்கிற மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிகளும்தான்.

நான் சொல்கிற துப்பாக்கியும் அப்படிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்தது. பூட்டுத் தகட்டில் ஒரு மகுடம், 'டவர்' என்ற எழுத்து. 1853இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட என்ஃபீல்டின் வாரிசு. ஆனால் குழலுக்குள் மரை கிடையாது, வழுவழுப்பு. குண்டைச் சுழற்றி நேரே செலுத்துவது அந்த மரைதான். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்று மரையில்லாத மாதிரிகளை 1858லும் 1859லும் தனியாக வகுத்தார்கள். பின்னாளில் இஷாப்பூர் தொழிற்சாலையில் த்ரீ நாட் த்ரீ ரைஃபிள்களின் மரையைக் குடைந்தெடுத்து, ஒற்றைத் தோட்டா .410 மஸ்கட்டாக்கிக் காவலர்களுக்குக் கொடுத்ததும் இதே யோசனைதான். நம்பிக்கையில்லாத கையில் ஆயுதத்தைக் கொடுக்க நேர்ந்தால், அதைக் கொஞ்சம் ஊனப்படுத்திக் கொடுப்பது. இந்தத் துப்பாக்கியின் சரித்திரம் அதன் அழகில் இல்லை, இந்த ஊனத்தில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

சீராக்குவது என்றால் எந்த நிலைக்கு? கேள்வியின் முடிச்சு இங்கேதான். ஒரு வீணையைச் சீராக்கினால் அது மறுபடி வாசிக்கப்படும். ஒரு கடிகாரம் மறுபடி நேரம் காட்டும். துப்பாக்கியைச் சீராக்குகிறவன் அது மறுபடி கொல்ல வேண்டும் என்று நினைப்பதில்லை. ஆனால் கொல்லக்கூடியதாக அது ஆகும்போதுதான் வேலை பூரணமானதாகத் திருப்திப்படுகிறான். குதிரை இழுபட்டு 'டக்' என்று நிற்கிற சப்தத்தில் என் நண்பர் முகத்தில் வருகிற நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். சேகரிப்பவர்கள் சொல்கிற சமாதானம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: நாங்கள் நேசிப்பது வேலைப்பாட்டை, கொலையை அல்ல. ஆனால் கத்தியின் நல்ல வேலைப்பாடு என்பது அது நன்றாக அறுப்பதைத் தவிர வேறென்ன? உபயோகத்திலிருந்து பிரித்தெடுத்த வேலைப்பாடு என்று ஒன்று இருந்தால், அது கவிதையில் அர்த்தத்தை ஒதுக்கிவிட்டு சப்தத்தை மட்டும் ரசிப்பது போலத்தான். முடியும், நம்மில் சிலர் செய்கிறோம். விலை என்ன என்று கேட்டுக்கொள்வதில்லை.

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக என் அலுவலகமே ஒரு சாட்சி வைத்திருக்கிறது. எங்கள் கிளை வாசலில் காவலாளியிடம் ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி. அங்கே நான் வேலை பார்க்கிற இத்தனை வருஷத்தில் அது வெடித்ததில்லை. ஆயுத பூஜையன்று எங்கள் கணிப்பொறிகளோடு அதற்கும் சந்தனம், குங்குமம், பொரிகடலை. வெடிக்காமல் இருப்பதே அதன் சேவை. அப்படியானால், சும்மா இருக்கும்போது தன் வேலையைச் செய்கிற ஒரே கருவி இதுதானா? அதைச் சுவரில் மாட்டி ரசிப்பதில் என்ன பிழை? ஸிமோன் வேல், இலியட் பற்றி 1940 கடைசியில் வெளிவரத் தொடங்கிய தன் கட்டுரையில், கொல்கிற பலத்தைவிட இன்னும் கொல்லாமல் தலைமேல் தொங்குகிற பலத்தைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறார். உயிரோடிருக்கும்போதே மனிதனை அது ஜடமாக்கிவிடுகிறது என்கிறார். காவலாளியின் துப்பாக்கி சும்மா இல்லை. கடன் கேட்டு வருகிற விவசாயி அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்குகிறார். ஆயுதத்துக்கு ஓய்வு என்பது இல்லை என்றே நினைக்கிறேன்.

பி.ஏ. படித்த காலத்தில் ஆங்கிலத்துக்கு வெளியே நான் உருப்படியாகப் படித்த சிலவற்றில் புறநானூற்றின் 95ஆம் பாட்டும் ஒன்று. அதியமானின் தூதாகப் போன ஔவைக்குத் தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, பளபளவென்று. எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புகழ்ச்சியாக வந்த இகழ்ச்சி. வகுப்பில் எல்லாரும் ஔவை பக்கம்தான், நானும். இப்போது அந்தப் பாட்டை வேறு மாதிரிப் படிக்கிறேன். முறிந்த வேலைப் பெருமையாக எண்ணச் சொல்கிற கவி, அது எந்த உடம்பில் முறிந்தது என்று கேட்கவில்லை. தொண்டைமான் பக்கம் போய்விடலாமா? அதுவும் முடியவில்லை. தொண்டைமானின் கொட்டிலில் உடம்பே கிடையாது. ஒருவன் சாவைக் கணக்கில் சேர்க்கிறான். மற்றவன் கணக்கையே வைத்துக்கொள்வதில்லை. சேகரிப்பவன் தொண்டைமானின் வம்சம்.

இரண்டுக்கும் வெளியே ஒரு வழி நம் கொங்கு நாட்டிலேயே காட்டோரங்களில் நிற்கிறது. நடுகல்லில் ஆயுதம் உண்டு; ஆனால் அது கையில் இருக்கிறது, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் செத்தவன். ஆயுதத்தைத் தனியே எடுத்துப் பார்க்க அந்தக் கல் நம்மை விடுவதில்லை. மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டி செய்வது நேர் எதிர்: ஆயுதத்துக்குப் பெயர், விட்டம், ஆண்டு எல்லாம் எழுதியிருக்கும், மனிதன் இருக்கமாட்டான். தஞ்சை சிவாஜி மன்னர் 1855இல் வாரிசில்லாமல் இறந்து ராஜ்யம் போனபின், 1860களில் அரண்மனைக் கொட்டில் கலைக்கப்பட்டது. அழகானவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன; மிச்சம் பழைய இரும்பாகப் போயிற்று. காப்பாற்றப்பட்டது எது, உடைக்கப்பட்டது எது என்று தீர்மானித்தது அழகு. உபயோகத்தில் தேய்ந்த சாதாரண வாள்தான் அதிகம் அறிந்திருக்கும். அதுதான் முதலில் உலைக்குப் போயிருக்கும்.

இனி அந்தப் பதினொரு வெட்டுகள். குழலையும் பூட்டையும் நண்பர் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் என்னிடம் தந்திருந்தார். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணி போட்டு மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மரத்தின் பள்ளங்கள் நீராவியில் மேலெழும்பி வருகின்றன; நான் அதிசயப்பட்டுப் போனேன். வெட்டுகள் மட்டும் எழவில்லை.

"அமுங்குனது எந்திரிக்கும் தம்பி. அறுந்தது எந்திரிக்காதுங்க" என்றார்.

அவை எதன் கணக்கு என்று உடைமைக்காரருக்குத் தெரியவில்லை. காட்டுப்பன்றியாக இருக்கலாம் என்றார். நாள் கணக்காக இருக்கலாம். ஒரு பையனின் விளையாட்டாகவும் இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம் என்பதை மூவருமே சொல்லவில்லை. ஹாலில் மாட்டப் போகிறது, புதுசு மாதிரி ஆக்கிவிடுங்கள் என்றார். நண்பர் என்னைப் பார்த்தார்.

"நீங்க படிச்சவரு. சொல்லுங்க, எடுத்துப்போடலாமுங்களா?"

நான் எதுவும் சொல்லவில்லை. உப்புத்தாளை எடுத்தேன். மேலே எழுதியதெல்லாம் அன்றைக்கே எனக்கு ஏறக்குறையத் தெரிந்ததுதான், தெரிந்தே செய்தேன். கட்டை வழுவழுப்பாகி, ஆளிவிதை எண்ணெய் ஏறி நரம்புகள் தெரிய வந்தபோது, ஒரு நல்ல வாக்கியத்தை எழுதி முடித்த நிறைவு. கை சொன்ன சரியை மனசு எதிர்க்கவில்லை. அழகுணர்ச்சி தார்மீகத்துக்கு அண்டை வீடு என்று நான் இந்தப் பக்கங்களிலேயே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அப்படியொரு வீடே பக்கத்தில் இல்லை.

குழலுக்குக் கருமை ஏற்றுவதையும் அதே வாரத்தில் பார்த்தேன். ஒரு திராவகத்தைப் பூசி வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுகிறார்கள். சிவப்புத் துருவைக் கொதிநீரில் வேகவைத்தால் அது கறுக்கிறது. உதிர்வதைத் துடைத்துவிட்டு மறுபடி பூசுகிறார்கள், மறுபடி, மறுபடி. கடைசியில் மினுங்குகிற அந்த நீலக் கருமையும் துருதான். இரும்பை விழுங்காமல் இரும்பின் மேல் நின்றுவிட்ட துரு. நடந்ததை இப்படி வைத்துக்கொள்ளவும் முடியும் போலிருக்கிறது: சுரண்டி எறியாமல், அரிக்கவும் விடாமல்.

எனக்கு இதைச் சொல்லித் தர வேதியியல் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை. எங்கள் தொழிலின் முதல் பாடமே அதுதான். லெட்ஜரில் தப்பாக விழுந்த பதிவைச் சுரண்டக் கூடாது. அடியில் இருப்பது வாசிக்கக் கிடைக்கிற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். கணிப்பொறி வந்த பிறகும் பதிவை நீக்குவதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறோம். நான் தினமும் பத்து மணிக்குக் கடைப்பிடிக்கிற இந்த ஒழுங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை கைவிட்டேன், பிறருடைய லெட்ஜரில்.

துப்பாக்கி இப்போது பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ஹாலில் தொங்குகிறது. நண்பர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நன்றாக இருக்கிறது என்றார். இருக்கும்.