பிழைப்பு என்று ஒரு வரி

கண்காட்சி நெருங்கும்போது கேலரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "சார், பயோ அனுப்பிடுங்க. 150 வார்த்தை போதும்." ஆறடி கேன்வாஸை அசராமல் முடித்த ஆள் அன்றைக்குத்தான் தடுமாறிப்போவார். பாதிப்பேர் பழைய கேட்டலாக்கில் இருப்பதை அப்படியே எடுத்து, கடைசியில் இரண்டு குழுக் கண்காட்சிகளைச் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். மீதிப்பேர் கொஞ்சம் எழுதத் தெரிந்த நண்பரைப் பிடிப்பார்கள். வரைகிற கையால் அவ்வப்போது கட்டுரையும் எழுதுகிறவன் என்பதால் என்னிடமும் சிலர் வருவார்கள்.

வருகிற குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சு. எல்லாரும் "சிறு வயதிலிருந்தே ஓவியத்தில் தீராத ஆர்வம் கொண்டவர்". எல்லாருடைய படைப்பும் "மனிதனுக்கும் இயற்கைக்குமான உறவைத் தேடுகிறது". அப்புறம் பட்டம், முகாம், விருது. முடிவில், "இவரது ஓவியங்கள் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் பல தனியார் சேகரிப்புகளில் உள்ளன". அந்த வெளிநாடு சிங்கப்பூரில் இருக்கும் மச்சானின் வரவேற்பறையாகவும் இருக்கலாம். பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஒருவர் குறிப்பை இன்னொருவர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் கண்டுபிடிக்க ஆள் கிடையாது.

இதில் வேடிக்கை, எல்லாமே படர்க்கையில் இருக்கும். தன்னைப் பற்றித் தானே உட்கார்ந்து எழுதி, வேறு யாரோ எழுதியதுபோல "இவர்" என்று போட்டுக்கொள்கிறோம். நம் இலக்கணக்காரர்கள் இந்தச் சங்கடத்தை எப்போதோ யோசித்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் யார் எழுதலாம் என்று பட்டியல் இருக்கிறது: ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். நூலைச் செய்தவரே எழுதக் கூடாது. எத்தனை துறைகளில் கரைகண்டவரானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பது அவர் கட்சி. ஆனால் பவணந்தியார் உலகம் தெரிந்தவர். நான்கு இடங்களில் விலக்குக் கொடுக்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர்கள் நடுவில் நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்தபோது.

உதவித்தொகை கேட்டு லலித் கலா அகாதெமிக்கு விண்ணப்பம் போடுகிறவர் இந்த முதல் இடத்தில் நிற்கிறார். கொச்சி பினாலே போன்ற இடத்தில், எங்கிருந்தோ வந்த கூட்டம் தன் படத்தைப் பார்த்துக்கொண்டு நகர, ஓரமாக நிற்கும் இளம் ஓவியர் இரண்டாம் இடத்தில். ஆகவே கூச்சப்பட ஒன்றுமில்லை. அனுமதி எப்போதோ வாங்கியாகிவிட்டது. ஆனால் பாயிரம் எழுதத் தகுந்தவர்கள் பட்டியலையும் நான் விடுவதில்லை. எழுதியதைக் கூடப் படித்த ஒருவரிடம் கொடுத்து, "இதன் கீழே உன் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போடுவாயா?" என்று கேட்கச் சொல்வேன். "தீராத ஆர்வம்" அங்கேயே உதிர்ந்துவிடும். "பகலில் கல்லூரி, இரவில் சினிமா பேனர் வேலை" என்ற வரிக்குக் கையெழுத்து உடனே கிடைக்கும். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர் அவர்தானே.

பட்டியல் போடும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. முதலாம் ராஜராஜன் காலத்திலிருந்து சோழக் கல்வெட்டுகளின் தலையில் மெய்க்கீர்த்தி நிற்கிறது. ஆட்சியாண்டு ஏற ஏற, வென்ற நாடுகள் சேர்ந்துகொண்டே போகும். எந்த வெற்றி வரை சொல்லப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதும் உண்டு. நம் சி.வி.யும் அதே ரகம். அது வளரட்டும், பக்கம் பக்கமாக நீளட்டும். ஆனால் அதே ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னொரு வகைக் குறிப்பையும் வெட்டிவைத்தான். கோயிலுக்கென்று பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல்மகளிரின், பட்டியல் அது. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. ஒருவருக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல்.

ஆயிரம் ஆண்டு கழித்து அந்த ஒரு வரியைப் படிக்கும்போது ஒரு பெண் கண்முன் நடந்து வருகிறாள். அதே கோயிலின் உள்சுற்றில் சுந்தரரையும் சேரமான் பெருமாளையும் கயிலைக்கு அனுப்பிவைத்த ஓவியர்கள் யாரென்று நமக்குத் தெரியவில்லை. 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி, நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருந்த அந்தச் சோழர் ஓவியங்களைக் கண்டுபிடித்தார். படம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அவர் எத்தனை பரிசு வாங்கினார் என்று நான் கேட்கமாட்டேன். எந்தத் தெருவில் இருந்தார், எத்தனை கலம் நெல் வாங்கினார் என்று ஒரு வரி இருந்தால் போதும்.

நம் குறிப்புகளில் காணாமல் போவது இந்த நெல் கணக்குத்தான். தொழில்முறை வாழ்க்கைக் குறிப்பு என்கிறோம். ஆனால் இந்த மனிதர் என்ன செய்து சாப்பிட்டார் என்பது மட்டும் அதில் இருக்காது.

சோழமண்டலத்தை எடுத்துக்கொள்வோம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் சகாக்களும் மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அந்த ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பாத்திக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்பது, அந்தக் காசில் சாப்பிடுவது, மீதி நேரத்தில் வரைவது என்று ஏற்பாடு. படத்தை நம்பிக் குடும்பம் நடத்த அன்றைய சென்னையில் வழியில்லை என்பதை நேருக்கு நேர் ஒப்புக்கொண்டு எடுத்த முடிவு அது. உருகிய மெழுகைத் துணியில் ஓடவிட வேண்டும். கை நின்றால் மெழுகு திட்டாகத் தேங்கும். சாயத்தில் முக்கும்போது மெழுகு வெடித்த இடமெல்லாம் நரம்பு நரம்பாக நிறம் இறங்கும். மாதக்கணக்கில் இதைச் செய்த கை கேன்வாஸுக்குப் போகும்போது பழைய கையாகவா போகும்? சென்னை ஓவியர்களின் படங்களில் கோட்டுக்கு இருக்கும் ஆட்சியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதில் பாத்திக்குக்குப் பங்கே இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் எத்தனையோ குறிப்புகளில் பாத்திக் ஒரு பக்கத் தகவலாகக்கூட வருவதில்லை.

பணிக்கரே தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டுத்தான் ஓவியப் பள்ளிக்கு வந்தவர். கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளராக இருந்தவர். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைக் கலை விமர்சகர்கள் கொண்டாடுகிறார்கள். ஆனால் தமிழ் வாசகருக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்தது பத்திரிகையும் புத்தக அட்டையும்தான். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது அவர் போட்ட கோடுகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. அவருக்கு ஆங்கிலத்தில் எழுதப்படும் பயோக்கள் பலவற்றில் அந்த வேலை அரை வரியில் கடந்துபோய்விடும். எனக்கு இது பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

எம்.எஃப். உசேன் பம்பாயில் சினிமா விளம்பரப் பலகை வரைந்தது மட்டும் எல்லாக் குறிப்பிலும் தவறாமல் வரும். உச்சிக்குப் போனவரின் பசி அவருக்கு ஆபரணமாகிவிடுகிறது. இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறவர் அதையே எழுதினால், "இது எதுக்கு?" என்று கேட்பார்கள்.

என்னையும் கேட்டார்கள். பல வருஷம் ஜவுளிக்காரர்களுக்குப் புடவை பார்டரும் முந்தானையும் கிராஃப் தாளில் போட்டுக்கொடுத்தவன் நான். அங்கே வளைவு என்று எதுவும் கிடையாது. எல்லாம் சதுரக் கட்டம். கட்டம் கட்டமாக ஏறி இறங்கித்தான் மாங்காயின் இடுப்பை வளைக்க வேண்டும். ஒரு கட்டம் தவறினால் தறியில் அன்னத்தின் கழுத்து ஒடிந்துபோகும். இன்றைக்கு என் ஓவியங்களில் உருவங்கள் சிறு சிறு சதுரங்களாக உடைந்து நிற்பதைப் பார்த்து டிஜிட்டல் யுகத்தின் பாதிப்பு என்று ஒரு விமர்சகர் எழுதினார். காஞ்சிபுரத்துத் தறியின் பாதிப்பு அது. அதனால் என் பயோவில் அந்த வேலை ஒரு வரியாக உண்டு. ஒரு கண்காட்சியின் கியூரேட்டர் போன் பண்ணி, "அந்த லைன் மட்டும் வேண்டாமே சார், கமர்ஷியலாத் தெரியுது" என்றார். நான் எடுக்க மறுத்தேன். கேட்டலாக் அச்சாகி வந்தபோது அவரே எடுத்திருந்தார்.

பெண்களுக்கு இந்தக் கத்தரி இன்னும் ஆழமாக விழுகிறது. கும்பகோணம் கல்லூரியில் படித்த ஒரு தங்கை குறிப்பு எழுதிக்கொண்டு வந்தாள். முதல் கண்காட்சிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பெரிய பள்ளம்.

"இந்த கேப்பை எப்படிண்ணா மறைக்கிறது?" என்றாள்.

"அப்ப என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தே?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. குழந்தை, மாமியாருக்கு ஆபரேஷன். ராத்திரியில கைடு கம்பெனிக்குப் படம் போட்டுத் தருவேன். பத்தாம் வகுப்பு சயின்ஸ். இதயம், கிட்னி, செம்பருத்திப் பூ நெடுக்குவெட்டு."

அவளுடைய இப்போதைய ஓவியங்கள் முழுக்க விதைகளும் உள்ளுறுப்புகளும்தான். மயிரிழை மாதிரிக் கருப்பு மைக் கோடு, எங்கேயும் தயங்காது. அது ஒன்றும் பண்ணாத காலத்தில் வந்த கோடு! குறிப்பின் இரண்டாவது வாக்கியமாக அந்த கைடு வேலையைப் போடச் சொன்னேன். முதலில் தயங்கினாள், பிறகு போட்டாள். அவள் படங்களைப் பார்க்க அதைவிட நல்ல வாசல் கிடையாது.

பொன்னானியில் பிறந்து சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற டி.கே. பத்மினி 1969இல் பிரசவத்தில் இறந்தார். 30 வயதுகூட நிறையவில்லை. அவர் குறிப்பில் மட்டும் பிரசவத்தை விட முடியாது, வாழ்க்கை அங்கே நின்றுவிட்டதால். பிழைத்திருந்தால் அந்த ஆண்டுகளையும் இடைவெளி என்று தாண்டிப் போயிருப்போம்.

மறைப்பது ஒரு பக்கம் என்றால், புனைவது இன்னொரு பக்கம். ஃபிரீடா காலோ 1907இல் பிறந்தவர். மெக்சிகோ புரட்சியோடு பிறந்தவளாக இருக்க விரும்பி 1910 என்று சொல்லிக்கொண்டார். ஜெர்மானியக் கலைஞர் யோசப் பாய்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1944இல் கிரிமியாவில் தன் போர்விமானம் விழுந்தபோது தாத்தார் இனத்தவர் தன்னைக் கொழுப்பு பூசி, நமுதா என்னும் அழுத்திய கம்பளித் துணியில் சுற்றிக் காப்பாற்றினார்கள் என்றார். அவர் கொழுப்பாலும் நமுதாவாலும் செய்த படைப்புகளுக்கெல்லாம் அந்தக் கதைதான் அடித்தளம். விபத்து உண்மை, ஆனால் ஜெர்மானியத் தேடுதல் குழுதான் அவரை மீட்டு ராணுவ மருத்துவமனையில் சேர்த்தது என்று பின்னால் ஆவணங்கள் காட்டின. ஆனாலும் அதே பாய்ஸ் 1964இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பு எனக்குப் பிடிக்கும். வாழ்க்கையையும் படைப்பையும் ஒரே வரிசையில் வைத்து, தான் பிறந்ததையே ஒரு கண்காட்சியாகப் பதிவு செய்திருப்பார். சி.வி. என்ற வடிவத்தின் அபத்தத்தை அதே வடிவத்துக்குள் உட்கார்ந்து கேலி செய்தவர் அவர். மேதைகளுக்கு அது செல்லும். 150 வார்த்தையில் குழுக் கண்காட்சிக்கு எழுதுகிற நமக்குச் செல்லாது. நம் கதையைச் சரிபார்க்க ஆவணக் காப்பகமும் வேண்டாம், ஊரில் இருக்கும் அத்தையே போதும்.

எல்லாரும் எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வட்டிக்கு வாங்கியதும் விவாகரத்தும் ஊருக்கு எதற்கு? படத்தில் தடம் பதித்த வேலை எதுவோ அது வரட்டும். முதல் வாக்கியத்தில் எதை, எதனால், எங்கே செய்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்: மரப்பலகையில் முட்டை டெம்பரா, திருவண்ணாமலையில் என்பதுபோல. பார்வையாளர் அங்கேயே படத்தின் பக்கம் திரும்பிவிடுவார். விருது இருந்தால் ஒன்றிரண்டு போதும். கல்யாணப் பத்திரிகையில் நல்வரவை நாடும் உறவினர் பட்டியல் மாதிரி அடுக்கினால் மாப்பிள்ளை பெயர் எங்கே என்று தேட வேண்டிவரும். ஆண்டைப் போடுங்கள். "சமீபத்தில்" என்ற சொல் கேட்டலாக் அச்சான மறுமாதமே பொய்யாகிவிடும். தேடல், வெளி, பயணம் மூன்றையும் ஒரு வருஷம் ஊறப்போடலாம். படர்க்கையில் எழுதுவதானால் எழுதுங்கள், ஆனால் அந்த "இவர்" தெருவில் எதிரே வந்தால் உங்கள் நண்பர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

கேலரிக்காரர்களுக்கும் கியூரேட்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பேனர் எழுதினார், பாத்திக் போட்டார், பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தார், கைடு கம்பெனிக்குக் கிட்னி வரைந்தார் என்று ஒருவர் எழுதித் தந்தால் அந்த வரியில் கை வைக்காதீர்கள். இடம் போதாவிட்டால் விருதை வெட்டுங்கள்.