காசு கட்டியாச்சே, அப்புறம் என்ன கடன்?

கணவனும் மனைவியுமாக லீவு போட்டு, ஊர் சுற்றி, நடந்து, நல்லா சாப்பிட்டு வருவதில் ஒரு தப்பும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் சிலருக்கு யாத்திரை என்றால் சரி, சும்மா சாப்பிடப் போனோம் என்றால் முகம் மாறிவிடும். என் கேள்வி வேறு. நாம் அனுபவித்த இடத்தை உண்டாக்கியவருக்கு, கொடுத்த காசுக்கு மேலே நாம் ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா?

இத்தாலியின் லிகூரியாக் கடலோரத்தில் சிங்குவே தெர்ரே என்று ஒரு பகுதி. ரியோமஜ்ஜோரே, மனரோலா, கோர்னீலியா, வெர்னாட்ஸா, மோந்தெரோஸ்ஸோ என ஐந்து சின்னக் கிராமங்கள். ரயிலில் போனால் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சில நிமிடம்தான். நாங்கள் நடந்தோம். பாறை உச்சியில் இருக்கும் கோர்னீலியாவுக்கு ரயில் நிலையத்திலிருந்து 382 படிகள். பத்துமலையின் 272 படிகளை நிற்காமல் ஏறுவேன் என்று பெருமை பேசும் என் கணவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விடமுடியாது. ஃபரினாத்தா என்று ஒன்று. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான்; பெரிய தட்டில் ஊற்றி அடுப்பில் சுடுகிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. நம் துளசிக்குச் சொந்தக்காரச் செடியான பேசிலை அரைத்துச் செய்யும் பெஸ்தோவும் அங்கே பிறந்ததுதான். சைவம் பார்ப்பவர்கள் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள். அதில் சேரும் பார்மிஜானோ சீஸைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைப் போட்டுத்தான் உறைய வைக்கிறார்கள்.

ஆனால் என்னை நிற்க வைத்தது சுவர்கள். மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகத் திராட்சைத் தோட்டம். ஒவ்வொரு படியையும் தாங்கி நிற்கும் கல் சுவர். சிமெண்ட் கிடையாது, கல்மேல் கல். பல நூறு வருஷமாகக் கையால் அடுக்கியது. மழைத்தண்ணீர் கல்லிடுக்கில் வடிந்துவிடும், மண் நிற்கும். ஆனால் வருஷா வருஷம் சரிந்த இடத்தைத் திரும்ப அடுக்கணும். ஆள் இல்லாவிட்டால் சுவர் வயிறு பிதுங்கி, ஒருநாள் விழுந்துவிடும். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது இந்த மலையும் ஊரும்தான். நாம் படம் எடுக்கும் ‘இயற்கை அழகு’ உண்மையில் விவசாயிகளின் முதுகுவலி.

இப்போது அந்தத் தோட்டங்களில் நிறையக் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. யோசித்தால் நியாயம்தான். வெயிலில் கல் அடுக்குவதைவிட நம்மைப் போன்றவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம். 2011 அக்டோபர் 25-ஆம் தேதி கொட்டிய மழையில் வெர்னாட்ஸாவும் மோந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன, உயிர்களும் போயின. பேய்மழைதான் காரணம். ஆனால் பராமரிப்பில்லாத சரிவுகள் மண்ணைப் பிடித்து வைக்காது.

“நடக்கறதுக்கே கார்டு வாங்கினோம், ரூமுக்குக் கட்டினோம். அப்புறம் என்னம்மா கடன்?” என்றார் கணவர்.

“ரூமுக்குக் கட்டினது ரூமுக்குங்க. சுவருக்கு யார் கட்டினா?”

“அப்போ நாம வராமலே இருந்தா சுவர் நின்னுடுமா?”

அதற்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நின்றிருக்காது. தோட்டத்தை விட்டுப் போவது சுற்றுலாவுக்கு முன்பே தொடங்கிய கதை. வேலைக்காக நகரங்களுக்குப் போனவர்கள் ஏராளம். ஆனாலும் ‘விலை கொடுத்தேன், முடிந்தது’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விலை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் உள்ளது. அந்தச் சுவரைக் கட்டியவர் எதையும் நமக்கு விற்கவே இல்லையே! அவர் தன் பிள்ளைகளுக்காகக் கட்டினார். நடுவில் நாம் வந்து ரசிக்கிறோம். இந்த மாதிரிக் கடனைப் பணத்தால் அடைக்க வழியில்லை, வேலையால்தான் முடியும்.

வெளியூர்த் தொண்டர்கள் வந்து, ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொண்டு சுவர் அடுக்கும் முகாம்கள் வெர்னாட்ஸாவில் நடந்திருக்கின்றன. நம் கோத்தோங் ரோயோங் மாதிரிதான். இதைக் கணவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒரு கல்லு எத்தனை கிலோ இருக்கும்?” என்று கேட்டார்.